விளம்பரப் பாடம் திருப்பூர்ப் பனியனுக்குப் பொருந்துமா?

கேள்வி (வணிகவியல் மாணவி, கோவை):
மூன்று மாதங்களாக விளம்பரம், சந்தைப்படுத்தல் குறித்த கட்டுரைகளைப் படித்து வருகிறேன். 1960-இல் அமெரிக்கச் சந்தைப்படுத்தல் பேராசிரியர் மெக்கார்த்தி வகுத்த பொருள், விலை, இடம், விளம்பரம் என்னும் நான்கு கூறுகளையே பலரும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஆனால் எடுத்துக்காட்டுகள் குளிர்பானமும் காலணியுமாகவே இருப்பதால், அயல்நாட்டு முத்திரைக்குத் தைத்துக் கொடுக்கும் திருப்பூர் ஆலைக்கு அவை எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. எழுதுபவர்களில் சிலர் இறுதியில் தங்கள் பயிற்சி வகுப்பையே விற்கிறார்கள் என்பது வேறு.

மறுமொழி 1 (ஆலையில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், திருப்பூர்):
அம்மிணி, எங்கள் வாடிக்கையாளர் கடைக்கு வந்து பனியன் எடுப்பவர் அல்லர். கடல் கடந்து ஆர்டர் கொடுக்கும் பையர். மாதிரி ஆடையின் தையல் நேர்த்தி, சொன்ன தேதியில் சரக்கு கப்பலேறுவது, ஜிஓடிஎஸ் போன்ற இயற்கைப் பருத்திச் சான்றிதழ் ஆகியவைதாம் அவரிடம் எங்களுக்காகப் பேசுகின்றன. ஒரு ஷிப்மென்ட் தாமதமானால், எவ்வளவு அழகான விளம்பர வாசகமும் அதை ஈடுசெய்யாது. நான்கு கூறுகளும் இங்கே உண்டு. நான்காவது மட்டும் சத்தமில்லாமல் நடக்கிறது.

மறுமொழி 2 (மஞ்சள் வணிகர், ஈரோடு):
ஈரோடு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்குமே தவிர, வாங்குபவரைத் தானாக அழைத்து வராது. பவானி ஜமக்காளத்துக்கு அது முன்பே கிடைத்திருந்தும், கைத்தறிக்கும் விசைத்தறிக்கும் உள்ள வேறுபாட்டை வாங்குபவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லாததே நெசவாளரின் குறை. நீங்கள் படிப்பது அங்கேதான் பயன்படும்.

மறுமொழி 3:
பயிற்சி வகுப்பு விற்பவர்களைப் பற்றி ஒரு சொல்: பணம் பெற்றுப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இலேயே சமூக ஊடகங்களுக்கு நெறிமுறை வகுத்துள்ளது. அக்குறிப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.