ரோடு அதே அகலம்தான், கார் மட்டும் ஏன் பெருத்துக்கொண்டே போகிறது?

கையாலையோரம்:
எங்கள் வீடு தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே இறங்குகிற ஒற்றை ரோட்டில். இரண்டு பக்கமும் கையாலைச் சுவர், அதற்கு மேலே ரப்பர் தோட்டம். ரோட்டின் அகலம் இதுவரை மாறவில்லை, இனி மாறவும் வழியில்லை. மாருதி 800-ம் ஆட்டோவும் ஓடின காலத்தில் எதிரெதிரே வந்தாலும் கொஞ்சம் ஒதுங்கினால் போய்விடலாம். இப்போது ஊரில் புதிதாக இறங்குகிற வண்டி எல்லாம் பானட்டே என் இடுப்புக்கு மேலே நிற்கிறது. ஞாயிறு பூசை முடிந்து ஆள் கலைகிற நேரத்தில் இரண்டு வண்டி முட்டிக்கொண்டு நின்றால், யார் ரிவர்ஸ் எடுப்பது என்று பாதி ஊர் கூடிப் பேச வேண்டியிருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் ஒருவர், மிஞ்சினால் இருவர்.

ஜனங்கள் ஆசைப்பட்டு வாங்குகிறார்களா, கம்பெனி தள்ளிவிடுகிறதா, இல்லை அரசாங்க வரி அப்படி இருக்கிறதா? இதற்கான செலவு யார் தலையில் விழுகிறது? பெரிய வண்டி வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள், திட்டுவதற்காகக் கேட்கவில்லை. (கொஞ்சம் திட்டுவேன்.)

கணக்குப்பிள்ளை:
மூன்றும்தான் மக்கா. ஆனால் வரிக் கதையை யாரும் பேசுவதில்லை, அதனால் அதையே சொல்கிறேன். 2006 பட்ஜெட்டில் சிறிய கார் என்று ஒரு வகை வைத்து கலால் வரியைக் குறைத்தார்கள். நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும், எஞ்சின் பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசி தாண்டக் கூடாது. அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, எடையைப் பற்றியும் கிடையாது. கம்பெனிக்காரன் என்ன செய்வான், நீளத்தை 3.99-ல் நிறுத்திவிட்டு பக்கவாட்டிலும் மேலேயும் வளர்த்துவிட்டான். 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டியை மாற்றினபோதும் அதே கோடுதான்: உள்ளே இருந்தால் 18 சதவீதம், வெளியே போனால் 40. நம் மாநில ரோடு டாக்ஸும் விலையைப் பார்த்துப் போடுவது, ரோட்டில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

கார்பன் புகைக்கு வைத்திருக்கிற கஃபே விதி இன்னும் வேடிக்கை. ஒரு கம்பெனி விற்கிற வண்டிகளின் சராசரி எடை கூடக் கூட, விடக்கூடிய புகையின் வரம்பும் கூடும். கனமாகச் செய்தால் சலுகை என்று எழுதாத குறைதான்.

சரி, உங்கள் ரோட்டுக்கு வருவோம். ஒற்றைத் தட ரோட்டுக்கு வழக்கமான அளவு 3.75 மீட்டர். மாருதி 800 அகலம் 1.44, இரண்டு சேர்ந்தால் 2.88, முக்கால் மீட்டருக்கு மேல் மிச்சம். ஸ்கார்ப்பியோ-என் 1.917, இரண்டு சேர்ந்தால் 3.83, அதுவும் சைடு கண்ணாடியைக் கணக்கில் எடுக்காமல். டிரைவர்களின் திமிர் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த இரண்டு வண்டியும் அங்கே விலகவே முடியாது.

ஸ்டியரிங் அண்ணன்:
நான் இனோவா வைத்திருக்கிறவன், வாடகைக்கு ஓட்டுகிறேன். சூரிய உதயம் பார்க்க வருகிற குடும்பம் ஏழு பேர், ஆளுக்கொரு பெட்டி, அவர்களை ஆல்டோவில் ஏற்றச் சொல்கிறீர்களா? வீட்டில் அம்மாவுக்கு மூட்டு வலி, தாழ்ந்த காரில் குனிந்து உட்கார முடியாது. மழை முடிந்தால் நம் ரோடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை, சின்ன வண்டிக்கு அடி தட்டும். அப்புறம் ரோட்டை உடைப்பதே பெரிய கார்தான் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். அது களியக்காவிளை வழியாக கேரளாவுக்குக் கல் ஏற்றிப் போகிற டாரஸ் லாரி.

ஆனால் கல்யாணத்துக்குக் கொடுக்கிற வண்டியை நான் தாங்கிப் பேச மாட்டேன். மண்டப வாசலில் ரிப்பன் கட்டி நிறுத்துகிற வண்டி சின்னதாக இருந்தால் பெண் வீட்டுக்குக் கேவலம் என்று ஆக்கி வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கிக் கொடுக்கிறார்கள், அதற்குப் பிறகு மாப்பிள்ளை வெளிநாடு போய்விடுவான், வண்டி உறை போட்டு நிற்கும்.

டூட்டி நர்ஸ்:
அண்ணே, உங்கள் தேவை புரிகிறது. நான் பயப்படுவது அந்த பானட் உயரத்துக்கு. தாழ்ந்த கார் மோதினால் பெரும்பாலும் காலில் அடித்து ஆளை பானட் மேலே தூக்கிப்போடும். உயரமான, செங்குத்தான முகப்பு நேராக இடுப்பிலும் நெஞ்சிலும் அடிக்கும், சின்னப் பிள்ளை என்றால் தலையில். அமெரிக்காவில் ஐஐஎச்எஸ் என்கிற, இன்சூரன்ஸ் கம்பெனிகள் நடத்துகிற சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் ஒரு ஆய்வு வெளியிட்டது: முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உள்ள வண்டி மோதினால், 30 அங்குலத்துக்குள் சரிவான முகப்பு உள்ள வண்டியைவிட நடந்து போகிறவர் சாகும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல். அங்கே பல இடங்களில் நடப்பதற்கு நடைபாதையாவது இருக்கும். இங்கே பிள்ளைகள் டியூஷன் முடிந்து சானல் (கால்வாய்) கரை ரோட்டில் சைக்கிளில் வருகிறார்கள்.

"பெரிய வண்டி என்றால் பாதுகாப்பு" என்று என் வீட்டுக்காரரும்தான் சொல்கிறார். உள்ளே இருப்பவருக்குப் பாதுகாப்பு. எதிரே பைக்கில் வருகிறவனுக்கு? அவன் பயந்து அடுத்த தடவை பெரிய வண்டி வாங்குகிறான், அப்போது நமக்கு இன்னும் பெரிசு வேண்டும். இது எங்கே போய் நிற்கும்?

ஜப்பானில் ஒரு நாஞ்சிலான்:
இங்கேயும் சந்துகள் நம் ஊர் முடுக்கு மாதிரிதான், ஆனால் அதற்கு ஏற்ற வண்டி ஓடுகிறது. கேய் கார் என்று சட்டத்திலேயே ஒரு வகை: நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48, எஞ்சின் 660 சிசி. தாண்டக் கூடாது, பதிலுக்கு வரி குறைவு. மாருதி 800-க்கு மூலமே சுசூகியின் ஒரு கேய் கார்தான். அகலத்துக்கும் வரம்பு வைத்ததால்தான் அது ஒல்லியாக இருந்தது. இன்னொன்று, பெரிய கார் வாங்க வேண்டுமானால் நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸில் சான்று வாங்க வேண்டும், 1962-ல் வந்த சட்டம். நாகர்கோவிலில் இதைக் கொண்டுவந்தால் பாதி ஷோரூம் மூடிவிடும் :)

கையாலையோரம்:
பாரிஸில் கனமான வண்டிக்கு பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்கு ஆக்கினார்களே, 2024-ல் ஓட்டெடுப்பு வைத்து? மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் அப்படி வசூலித்தால் எனக்குச் சம்மதம்.

கணக்குப்பிள்ளை:
ஓட்டு போட வந்தது 6 சதவீதத்துக்கும் குறைவு, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டாரஸ் விஷயத்தில் ஸ்டியரிங் அண்ணன் சொன்னது சரி. ஒரு அச்சின் மேல் விழுகிற எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்குச் சேதம் ஏறத்தாழ 16 மடங்கு, லாரிக்கு முன்னால் எந்தக் காரும் தூசு. காரின் செலவு விழுவது இடத்திலும் உயிரிலும் பெட்ரோலிலும்.

ஆனால் அண்ணே, உங்கள் ஏழு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். எர்டிகா அகலம் 1.735 மீட்டர், ஏழு பேர் போகலாம். நீளம் 4 மீட்டரையும் பெட்ரோல் எஞ்சின் 1200 சிசியையும் தாண்டிவிட்டதால் ஜிஎஸ்டி 40 சதவீதம். நெக்ஸான் 1.8 மீட்டர் அகலம், ஐந்து பேர்தான், ஆனாலும் 18. உங்கள் இனோவாவைக் குறை சொல்வதற்கு முன்னால் இதை யாராவது டெல்லியில் கேட்க வேண்டும்.