நாலு ரோட்டில் மூலைக்கு மூலை நடக்க விடலாமா?

நடராஜா சர்வீஸ்:
தருமபுரி நாலு ரோட்டில் எதிர் மூலைக்குப் போக வேண்டுமென்றால் இரண்டு முறை ரோட்டைக் கடக்க வேண்டும். ஒன்றைத் தாண்டி நின்று அடுத்த பச்சைக்குக் காத்திருக்க யாருக்குப் பொறுமை? வண்டிக்கு நடுவில் புகுந்துதான் போகிறோம். என் யோசனை இது: சிக்னலின் ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை நாலு பக்கமும் வண்டிகளுக்குச் சிவப்பு விழட்டும். அப்போது நடப்பவர்கள் நேராகவும் போகலாம், மூலைக்கு மூலையும் போகலாம். டோக்கியோ ஷிபுயாவில் இப்படித்தான். லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸிலும் 2009-இல் கொண்டுவந்தார்கள்.

ஸ்டியரிங்காரன்:
ஷிபுயாவில் பென்னாகரம் பஸ் திரும்புகிறதா அண்ணே? இப்போதே ஒரு பச்சையில் தாண்ட முடியாமல் அடுத்த பச்சைக்கு நிற்கிறேன். இதில் எல்லாரையும் நிறுத்தினால்?

நடராஜா சர்வீஸ்:
எவ்வளவு நேரம் என்று பார்த்துவிடலாம். ரோடு 15 மீட்டர் அகலம் என்று வையுங்கள். இரண்டு முறை கடந்தால் 30 மீட்டர். மூலைவிட்டமாகப் போனால் 21 தான். சிக்னல் அமைப்பவர்கள் வழக்கமாக எடுக்கும் நடை வேகம் நொடிக்கு 1.2 மீட்டர். 18 நொடியில் வேலை முடிந்தது. நாம் நடக்கும்போது திரும்புகிற வண்டி எதுவும் நம் மேல் வராது, அதுதான் பெரிய லாபம்.

ரோடு ரோலர்:
18 நொடி உங்கள் காலுக்கு. முட்டிவலிக்கார என் அம்மா நொடிக்கு 0.8 மீட்டர் நடந்தாலே அதிகம், அவருக்கு 26 நொடி ஆகும். அதுவும் பச்சை விழுந்த நொடியே காலை வைத்தால். பச்சை முடியும் நேரத்தில் இறங்குகிறவரும் அக்கரை சேர வேண்டுமே! இறங்க 7 நொடி சேர்த்தால் 33. இரண்டு நிமிடச் சுற்றில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. சுற்றை நீட்டினால் நடப்பவருக்கும் காத்திருப்பு நீளும், மறுபடி வண்டிக்கு நடுவில்தான் புகுவார். டொராண்டோவில் பே-புளூர் சந்திப்பில் இதைப் போட்டுவிட்டு 2015-இல் எடுத்தே விட்டார்கள்.

மாங்காய் மண்டி:
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கேள்வி. ஃப்ரீ லெஃப்ட் என்று சிவப்பிலும் இடதுபுறம் சீறிக்கொண்டு போகிறார்களே, அவர்களை யார் நிறுத்துவது? பச்சை மனிதனை நம்பி இறங்குகிறவர் முதல் அடியிலேயே அவர்களிடம்தான் மாட்டுவார்.

இன்னொன்று. என் சித்தப்பாவுக்குப் பார்வை இல்லை. ரோட்டோரக் கல்லைக் கோலால் தொட்டு, பக்கத்தில் வண்டி எந்தத் திசையில் ஓடுகிறது என்று காதால் பிடித்து, அதையொட்டி நேராக நடப்பார். எல்லா வண்டியும் நின்றுவிட்டால் பிடிக்கச் சத்தமே இல்லை. மூலைக்கு மூலை என்றால் கல்லும் கைகொடுக்காது. சந்திப்பின் நடுவில் போய்த் திசை தெரியாமல் நிற்பார்.

நடராஜா சர்வீஸ்:
சித்தப்பா விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். எதிர் மூலையிலிருந்து ஒலி வர வேண்டும், தரையில் திசை காட்டும் மேடுபள்ளக் கல்லும் வேண்டும். அது வரும் வரை நாலு பக்கச் சிவப்பு மட்டும் இருக்கட்டும். மூலைக்கு மூலை நடப்பதை அப்புறம் பார்ப்போம்.

ரோடு ரோலர்:
நேராக மட்டும் என்றால் 15 மீட்டர்தானே, அம்மா வேகத்துக்கே 7 நொடியும் சேர்த்து 26-இல் முடியும். அதற்கு நான் சம்மதம்.

ஸ்டியரிங்காரன்:
முதலில் ஃப்ரீ லெஃப்ட்டை நிறுத்தச் சொல்லுங்கள், இதற்கு மனு எழுதினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ராத்திரி பதினோரு மணிக்கு ஈ காக்கை இல்லாத ரோட்டில் 26 நொடி நிற்கச் சொல்லாதீர்கள்.

நடராஜா சர்வீஸ்:
அதற்குத்தான் பட்டன் இருக்கிறதே. ஆள் வந்து அழுத்தினால் மட்டும் சிவப்பு விழும்.

மாங்காய் மண்டி:
பட்டனா? எங்கள் தெருவில் குழாயின் திருகே ஒரு வாரம் தங்கவில்லை அண்ணே.