மறுமொழி: ஓவியர்கள் பார்த்து வரையும் கணினி மனித உருவுக்குக் கலைச்சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த சொற்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். உருவ ஓவியம் வரைகிறவர்கள் கணினியில் திறந்துவைத்து, கைகாலை மடக்கி, விளக்கை இடம் மாற்றிப் பார்த்து வரைகிறார்களே, அந்த முப்பரிமாண மனித உருவுக்குத்தான் பெயர் தேடுகிறோம். மேக்ஹியூமன், டாஸ் ஸ்டூடியோ, பிளெண்டர் என்று எந்த மென்பொருளில் திறந்தாலும் பொருள் ஒன்றுதான்.

> "எண்ணிம உடற்கூற்று மாதிரி" என்றே வைத்துவிடலாம். தெளிவாக இருக்கிறது.

ஐயா, இதில் எனக்கு உடன்பாடில்லை. நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், "உடற்கூறு"தான் உறுத்துகிறது. உடலைக் கூறுகூறாகப் பிரித்து உள்ளே இருப்பதை அறிவது உடற்கூற்றியல். இந்த உருவுக்குள் பிரித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை. மேக்ஹியூமனில் "தசை" என்று ஒரு ஸ்லைடர் உண்டு. அதை இழுத்தால் மார்பும் புயமும் திரண்டு வரும். ஆனால் உள்ளே தசை எதுவும் வளர்வதில்லை. மேற்பரப்பிலுள்ள புள்ளிகள் முன்பே குறித்துவைத்த இடங்களுக்கு நகர்கின்றன, அவ்வளவுதான்.

இது சொல்லோடு நின்றுவிடும் சிக்கல் இல்லை. பெயரில் உடற்கூறு இருந்தால், புதிதாக வரையப் பழகுகிறவர் அதை நம்பி வரைவார். முன்கையை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பும்போது பெருவிரல் பக்கத்து எலும்பு சுண்டுவிரல் பக்கத்து எலும்பைக் குறுக்கே கடக்கிறது. அதனால் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை முன்கையின் வடிவமே மாறுகிறது. எளிய முறையில் தோல் பொருத்திய, அதாவது மேற்பரப்பை உள்ளே அசையும் துண்டுகளோடு பிணைத்த, கணினி உருவில் இது நடப்பதில்லை. திருப்பம் முழுவதும் மணிக்கட்டுக்கு அருகே சேர்ந்து, முறுக்கிய மிட்டாய்த் தாள்போல அந்த இடம் ஒடுங்கிப்போகும்.

தோளும் அப்படித்தான். கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்கினால், அந்த 180 பாகையில் ஏறத்தாழ 60 பாகை தோள்பட்டை எலும்பு முதுகில் சுழல்வதால் கிடைக்கிறது. காறை எலும்பும் கூடவே உயரும், அக்குளின் பின்மடிப்பு இழுபடும். பல உருக்களில் கை மட்டும் கதவுக் கீல்போலத் திரும்பும், முதுகு அசையாமல் இருக்கும். உட்கார்ந்த நிலையிலும் பாருங்கள்: இருக்கையில் அழுந்தி அகல வேண்டிய தொடை, நின்றபோது இருந்த உருண்டை வடிவத்தோடு அப்படியே இருக்கும். இவற்றையெல்லாம் உடலை அறிந்துதான் திருத்தி வரைய வேண்டும். அதைப் பெயர் மறைக்கக்கூடாது.

"மாதிரி"யும் இங்கே இடிக்கிறது. ஓவியர் முன் அமர்கிற ஆளையும் மாதிரி என்கிறோம், ஆய்வுக்கு எடுக்கும் கூறும் மாதிரிதான். "மெய்நிகர் மனிதன்" உரையாடும் கணினிப் பாத்திரங்களுக்குப் போய்விட்டது. பெண், குழந்தை உருக்களுக்கும் அது பொருந்தாது.

> "மின்னுடல்" சுருக்கமாக இருக்கிறதே?

நல்ல சொல், அதை இழக்க வேண்டாம். ஆனால் அதற்குரிய பொருள் வேறு. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் இறந்தவர் இருவரின் உடலை மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்துப் பொதுவில் வைத்தது. ஆண் உடல் 1994-இல், 1 மி.மீ. இடைவெளியில். பெண் உடல் 1995-இல், 0.33 மி.மீ. இடைவெளியில். உண்மையான உடலிலிருந்து வந்த அத்தகைய தரவைத்தான் மின்னுடல் என்று சொல்லத் தோன்றுகிறது.

நம் பொருளுக்கு நான் முன்வைப்பது "எண்ணிமப்பாவை". (எண்ணிமமா, இலக்கமுறையா, டிஜிட்டலா என்பதை வேறு இழையில் பார்த்துக்கொள்வோம்.) ஓவியர்கள் நெடுங்காலமாக மூட்டு வைத்த மரப் பொம்மையை மேசையில் வைத்து நிலை பார்த்து வரைகிறார்கள். அது மரப்பாவை. அதே வேலையைக் கணினியில் செய்வது எண்ணிமப்பாவை. பாவை என்றாலே வெளியுருவம், மூட்டுகள், அதை ஆட்டுவிக்க இன்னொருவர் கை, இந்த மூன்றும் மனதில் வந்துவிடுகின்றன. நாம் சொல்ல வேண்டியதும் அதுதான்.

பாவை என்றால் பெண்ணைக் குறிக்காதா என்று ஒரு தோழி கேட்டிருந்தார். தனியாக நின்றால் குறிக்கும். தோற்பாவை, மரப்பாவை என்று எதனால் ஆனது என்பதைச் சேர்த்துச் சொன்னதும் அந்தப் பொருள் விலகிவிடுகிறது. தோற்பாவைக் கூத்தில் இராமனும் பாவை, சீதையும் பாவை.

இந்த வேரிலிருந்து இன்னொரு சொல்லும் கிடைக்கிறது. தோலை உரித்துத் தசைகளைக் காட்டும் உருவுக்குத் தமிழில் இதுவரை நிலைத்த பெயர் இல்லை. பிரெஞ்சுச் சிற்பி ஊடோன் 1767-இல் அப்படி ஓர் ஆளுயர உருவம் செய்தார். அதன் வார்ப்புகளைப் பார்த்து ஓவியப் பள்ளிகளில் பல தலைமுறை மாணவர்கள் பழகினார்கள். அதைத் "தசைப்பாவை" எனலாம். கணினியில் தசை அடுக்குகளோடு செய்யப்பட்ட உருக்களும் உண்டு, அவை எண்ணிமத் தசைப்பாவை. முழங்காலை எத்தனை பாகை மடக்கினேன், ஒளி எந்தப் பக்கம் என்று பார்க்க எண்ணிமப்பாவை போதும். மடங்கிய முழங்காலுக்குப் பின்னே ஏன் இரண்டு தசைநாண்கள் புடைக்கின்றன என்று அறியத் தசைப்பாவை வேண்டும்.

மூட்டுகளை மடக்குவதற்காகப் பாவைக்குள் இருக்கும் அமைப்பை "எலும்புக்கூடு" என்று இங்கே இருவர் எழுதியிருக்கிறார்கள். மென்பொருளே எலும்பு என்றுதான் காட்டுகிறது, ஆனால் தமிழில் அதை அப்படியே கொண்டுவர வேண்டாம். நம் முதுகில் கழுத்துக்கு 7, மார்புக்கு 12, இடுப்புக்கு 5 என 24 தனி முள்ளெலும்புகள். பாவையின் முதுகுக்குப் பெரும்பாலும் நாலைந்து துண்டுகள்தான். மொத்த அமைப்பை "உட்கூடு" என்றும், துண்டு ஒவ்வொன்றையும் "கண்ணி" என்றும் சொல்லிப் பார்த்தேன். சங்கிலிக் கண்ணிபோல ஒன்றை அசைத்தால் அதில் கோத்தது தொடர்ந்து வரும் என்பதால் அது பொருந்துகிறது.

பார்த்து வரைய வைத்துக்கொள்வதை "ரெஃபரன்ஸ்" என்கிறோமே, அதற்கு மேற்கோள் சரிவராது. படமென்றால் துணைப்படம், உருவென்றால் துணையுரு, இது போதும்.

நம் கலைச்சொல் பட்டியலில் சேர்க்க வரைவு:

எண்ணிமப்பாவை – மனித உருவம் வரையும்போது நிலை, ஒளி, பார்வைக்கோணம் அறியத் துணையுருவாகப் பயன்படும், மூட்டுகளை மடக்கக்கூடிய முப்பரிமாணக் கணினி உரு.

எனக்கே இன்னும் ஐயம் உள்ள இடம் "கண்ணி". மேற்பரப்பை ஏற்கெனவே "வலை" என்று பட்டியலில் ஏற்றிவிட்டோம். வலையும் கண்ணியும் அடுத்தடுத்து வந்தால், வலையின் கண்ணைத்தான் சொல்கிறோம் என்று படிக்கிறவர் நினைக்கலாம். பாவைகளுக்கு உட்கூடு பொருத்தும் வேலையில் இருப்பவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களுக்குள் பேசும்போது அந்தத் துண்டை என்னவென்று சொல்கிறீர்கள்?