உண்டிவில் போட்டிக்கு இலக்கு: டின் விழவில்லை, குண்டு திரும்பி வருகிறது

பொகவந்தலாவைத் தம்பி:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். தைப்பொங்கலுக்கு மறுநாள் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் விளையாட்டுப் போட்டி வைக்கிறோம். முட்டி உடைத்தல், சாக்கோட்டம், கயிறிழுத்தலோடு இந்த முறை உண்டிவில்லால் குறி அடிக்கும் போட்டியும் சேர்த்திருக்கிறோம். அட்டையில் வட்டம் வரைந்து வைத்துப் பார்த்தோம். பட்டதா இல்லையா என்றே தெரியாததால் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கலைந்துவிட்டார்கள். பட்டால் சத்தம் வரவேண்டும், இல்லையென்றால் ஏதாவது விழவோ சுற்றவோ வேண்டும்.

நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் உள்ள மண்கரையில் மீன் டின்களை ஒற்றைக் கயிற்றில் தொங்கவிட்டோம். நாலு அடி பட்டதும் கயிறு முறுக்கிக்கொள்கிறது. பலகையில் அடுக்கினால் காற்றே தள்ளிவிடுகிறது. டின்னுக்குள் கல் போட்டால் அடித்தாலும் விழுவதில்லை. கடைசியில் ஒரு இரும்புத் தகட்டைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டினோம். சத்தம் அருமை. ஆனால் முப்பது அடியிலிருந்து நான் அடித்த கண்ணாடிக் குண்டு திரும்பி வந்து என் முழங்காலுக்குக் கீழே பட்டது. பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் நின்றார்கள். அதோடு நிறுத்திவிட்டோம். என்ன செய்யலாம்?

ஹட்டன் வெல்டிங்காரன்:
தம்பி, நிறுத்தியது நல்ல வேலை. முதலில் அந்தக் கண்ணாடிக் குண்டையும் கல்லையும் தூரப் போடுங்கள். குண்டு கடினம், தகடும் கடினம், தகடு நேராக உங்களைப் பார்த்து இறுகி நிற்கிறது. வந்த வேகத்தில் பெரும்பங்கு அப்படியே திரும்பத்தான் செய்யும். கண்ணாடி உடைந்தால் சில்லு வேறு பறக்கும்.

தகட்டை இறுக்கிக் கட்டாமல் சங்கிலியில் தொங்கவிடுங்கள். ஆடும்போது அடியின் வேகத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். கொக்கியைத் தகட்டின் மேல்விளிம்பில், பின்பக்கமாக இரண்டு அங்குலம் நீட்டி வையுங்கள். அப்போது தகட்டின் மேற்பகுதி அடிப்பவரை நோக்கித் தானாகவே சாயும், படுகிற குண்டு நிலத்தைப் பார்த்துப் போகும்.

சுற்றுகிற இலக்கும் சுலபம். ஒரு கம்பியின் இரண்டு நுனியிலும் வட்டத் தகடு ஒட்டி, நடுவில் குறுக்கே அச்சு கொடுங்கள். கீழ்த் தகடு கனமாக இருக்கவேண்டும். எத்தனை சுற்று சுற்றினாலும் அதுவே மறுபடி நிமிர்ந்து நிற்கும், எழுந்து போய்ச் சரிசெய்யத் தேவையில்லை. அச்சில் கிரீஸ் பூசுங்கள், நம் பக்கத்து ஈரத்துக்கு ஒரு வாரத்தில் துருப்பிடித்துவிடும்.

பண்டாரவளை மாஸ்டர்:
குண்டுக்குக் களிமண்தான். நாங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறு எதுவும் கொடுப்பதில்லை. மண்ணில் கிடக்கும் கல்லைப் பொறுக்கி எடுத்து, நன்றாகப் பிசைந்து, குண்டு அளவுக்கு உருட்டி, முதலில் நிழலில் காயவையுங்கள். நேரே வெயிலில் வைத்தால் வெடிப்பு விழும். அப்புறம் இரண்டு நாள் அடுப்புக்கு மேலே பரண்மீது வைத்தால் இறுகிவிடும். சுடவேண்டாம், சுட்டால் அதுவும் கல்தான். காய்ந்த உருண்டை தகட்டில் பட்டதும் தூளாகிவிடும், திரும்பி வருவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. அதோடு செம்மண் தூள் பட்ட இடத்தில் அப்படியே ஒட்டும். வெள்ளைச் சுண்ணாம்பு பூசிய தகடாக இருந்தால் யார் எங்கே அடித்தார்கள் என்ற சண்டையே வராது.

டின்னை இரண்டு கயிற்றில் ஊஞ்சல் மாதிரிக் கட்டினால் முறுக்காது. பலகை டின்னில் கல்லுக்குப் பதில் ஒரு கைப்பிடி மணல் போட்டு, பலகையின் பின்விளிம்புக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும்படி வையுங்கள். மேல்பாதியில் பட்டால் பின்னால் சரியும்.

மூடுபனி இறங்கினால் டின் தெரியாது. பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த ஒலிம்பிக் பயத்லான் போட்டியில் கறுப்பு இலக்கில் பட்டதும் அந்த இடம் வெள்ளையாக மாறும். அதேபோல, பிணைச்சல் போட்ட கறுப்புப் பலகை சாய்ந்ததும் பின்னால் மஞ்சள் துணி தெரியும்படி செய்யுங்கள். பலகையில் ஒரு கயிறு கட்டி வைத்தால் எல்லையில் நின்றே இழுத்து நிமிர்த்தலாம்.

கொழுந்து அக்கா:
தம்பி, எல்லாரும் இலக்கைப் பற்றிச் சொல்கிறார்கள், நான் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் கரைக்கு மேலே மரம் இருக்கிறதா? பாறை இடுக்கு இருக்கிறதா? குளவிக்கூடு உண்டா என்று அண்ணாந்து நன்றாகப் பாருங்கள். தவறிப்போன ஒரு குண்டு கூட்டில் பட்டால் போட்டிக்கு வந்த அத்தனை பேரையும் கொட்டும். மலையில் குளவிக்கொட்டு வாங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான். எங்களோடு வேலை செய்த ஒருவர் திரும்பி வரவே இல்லை. கூடு இருந்தால் இடத்தை மாற்றுங்கள், வேறு யோசனையே வேண்டாம்.

கரைக்கு மேலே நடைபாதை இருந்தால் அங்கேயும் ஒரு ஆளை நிறுத்துங்கள். இலக்குக்குப் பின்னால் பழைய படங்கை (தார்ப்பாயை) இரண்டு மடிப்பாகத் தளரத் தொங்கவிடுங்கள், தவறினது அதில் பட்டுக் கீழே விழும்.

பொகவந்தலாவைத் தம்பி:
அக்கா, நீங்கள் சொன்ன பிறகு போய்ப் பார்த்தோம். கரைக்கு மேல் மரத்தில், இலைக்குள்ளே மறைந்து ஒரு பெரிய கூடு. இத்தனை நாள் அதற்குக் கீழேதான் அடித்துப் பழகியிருக்கிறோம். இடத்தைக் கோயில் மைதானத்துக்குக் கீழே உள்ள வெட்டுமண் பக்கம் மாற்றிவிட்டோம். அங்கே மேலே வெறும் புல்தான், பாதை இல்லை.

களிமண் உருண்டை இருநூறு உருட்டியாயிற்று. பத்து அடித்துப் பார்த்தோம், ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: காலையில் ரப்பர் விறைத்து, குண்டு பாதி தூரம்தான் போகிறது.

ஹட்டன் வெல்டிங்காரன்:
குளிரில் ரப்பர் அப்படித்தான். இழுத்து நீட்டாமல் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றுங்கள், போட்டியைப் பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள். வெடிப்பு தெரிகிற ரப்பரை வெட்டி எறியுங்கள், அறுந்தால் முகத்தில்தான் அடிக்கும். கிரைண்டர் வேலைக்குக் கண்ணில் போடுகிற கண்ணாடி என்னிடம் ஆறு இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், அடிக்கிற பிள்ளை ஒவ்வொன்றுக்கும் போட்டுவிடுங்கள்.