திக்கிப் பேசும் தம்பி ஞாயிறு வாசகம் வாசிக்க விரும்புகிறான், எப்படித் தயார் செய்வது?

சாரல்மேடு:

ஏற்காடு மலையில் ஒரு கத்தோலிக்கக் கிளைப்பங்கு, அதாவது பெரிய பங்குக் கோயிலின் கீழ் வரும் சின்னக் கோயில். மாதத்தில் இரண்டு ஞாயிறு சாமியார் வந்து பூசை வைக்கிறார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் (குருவாக இல்லாத மறைப்பணியாளர்) பூசை இல்லாமல் இறைவார்த்தை வழிபாடு நடத்துகிறார். பெரும்பாலும் காபித் தோட்டக் குடும்பங்கள். இங்கே மறைக்கல்வி முடித்து, இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கும் பத்தொன்பது வயதுத் தம்பி ஒருவன் ஞாயிறு பூசையில் முதல் வாசகம் (விவிலியத்திலிருந்து வாசிக்கும் முதல் பகுதி) வாசிக்க வேண்டும் என்று தானாக வந்து கேட்டிருக்கிறான். சின்ன வயதிலிருந்தே திக்குவாய். வீட்டில் குறைவு, புது ஆட்கள் முன்னால் அதிகம். க, த, ப-வில் தொடங்கும் சொற்களில் மாட்டிக்கொள்கிறான்.

பங்குப் பேரவையில் சொன்னபோது வந்த பதில்கள்: "பாவம், அவனை எதுக்கு மேடையேத்தி அவமானப்படுத்தணும்?", "காணிக்கைப் பை எடுக்கட்டும், அது போதும்." ஒருவர் விவிலியத்தில் மோசேக்கும் திக்குவாய்தானே என்றார். உடனே இன்னொருவர், "அதனாலதான் ஆண்டவர் அவர் அண்ணன் ஆரோனைப் பேச வெச்சார்" என்று முடித்துவிட்டார். அவன் அம்மாவும் பயப்படுகிறார். சாமியார் மறுக்கவில்லை, "தயார் பண்ணிக் காட்டுங்க" என்கிறார்.

திருச்சபை விதியில் தடை ஏதும் உண்டா? ஒரு வாசகத்தை இரண்டு பேர் பாதிப் பாதியாக வாசிக்கலாமா? பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது?

வாசகமேடை:

தடை இல்லை டீச்சர். திருச்சபைச் சட்டம் 230-இன்படி பொதுநிலையினர் யாரையும் வாசகர் பணிக்குத் தற்காலிகமாக நியமிக்கலாம். திருப்பலி நூலின் முன்னால் உள்ள பொது விதிமுறையில் எண் 101 கேட்பது இரண்டே தகுதி: அந்தப் பணிக்கு ஏற்றவராக இருக்கணும், கவனமாகத் தயாரித்திருக்கணும். "தயார் பண்ணிக் காட்டுங்க" என்று சாமியார் சொல்வது இந்த இரண்டாவது தகுதியைத்தான். பேரவை ஆலோசனை சொல்லலாம், முடிவு பங்குச் சாமியாருடையது.

பாதிப் பாதி வேண்டாம். அதே விதிமுறையின் எண் 109 அதைத் தெளிவாக விலக்குகிறது. ஒரே வாசகத்தை இரண்டு பேர் பிரித்து வாசிப்பது பொருந்தாது, இயேசுவின் பாடுகளின் வரலாறு மட்டுமே விதிவிலக்கு. இன்னொரு காரணமும் உண்டு. பாதியில் இன்னொருவர் வந்து வாங்கிக்கொண்டால், அவனால் முடியாது என்று பலிபீடத்திலிருந்தே அறிவித்ததாகிவிடும்.

தொடக்கத்தைப் பொறுத்தவரை, ஞாயிறு பூசை நான்காவது படியாக இருக்கட்டும். முதல் படி அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்து வீடுகள் கூடும் சிறு செபக்குழு. பத்துப் பதினைந்து வீடு, தெரிந்த முகங்கள், மைக் கிடையாது. அங்கே விவிலியப் பகுதியை ஒரு மாதம் அவனே வாசிக்கட்டும். இரண்டாவது, முதல் வாசகத்துக்குப் பிறகு பாடும் பதிலுரைப் பாடல். பாடும்போது பெரும்பாலோருக்குத் திக்கல் வராது, அதனால் மேடையும் மைக்கும் கூட்டமும் பழகிவிடும். ஆனால் "பாட்டு நல்லா வருது, அதையே பாடட்டும்" என்று அங்கேயே நிறுத்திவிட எல்லாருக்கும் ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். மூன்றாவது, வார நாள் பூசை. ஒரே வாசகம், கொஞ்சம் பேர். சேலத்தில் படிப்பதால் அவன் தங்கியிருக்கும் பகுதியின் கோயிலில் கேட்டுப் பாருங்கள். தெரியாத ஊரில் நன்றாக வாசித்தால் சொந்த ஊரில் பயம் பாதியாகும். பிறகுதான் ஞாயிறு. அதிலும் முதலில் இரண்டாம் வாசகம், பெரும்பாலும் அதுதான் சின்னது.

ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருவதால் எந்த ஞாயிறு எது என்பது முன்பே தெரியும். குறைந்தது மூன்று வாரம் முன்னால் கையில் கொடுங்கள். சனிக்கிழமை இரவு போன் போட்டு "நாளைக்கு நீ வாசி" என்று சொல்வதுதான் நம் பங்குகளில் நல்ல வாசகர்களையே கெடுக்கும் பழக்கம்.

ஜெராக்ஸ் எடுத்து அதில் பென்சில் குறி போட்டுப் பழகலாம். ஆனால் பூசையன்று தாளைப் பார்த்து வாசிக்கக் கூடாது, வாசக நூலிலிருந்துதான் வாசிக்கணும். அதனால் கடைசி மூன்று நாள் பயிற்சி அந்த நூலிலேயே நடக்கட்டும். வரி எங்கே உடைகிறது, பக்கம் எங்கே திரும்புகிறது என்பது கண்ணுக்குப் பழகியிருக்கணும். வாசகத்துக்கு மேலே இருக்கும் சிவப்பு எழுத்துத் தலைப்பையும் அதிகார எண்களையும் வாசிக்க வேண்டியதில்லை. அதையும் சேர்த்து வாசித்து மூச்சை வீணாக்குபவர்கள் நிறைய.

நாவும்மூச்சும்:

பேச்சுப் பயிற்சித் துறையிலிருந்து சில விஷயம் சொல்றேங்க.

திக்குவது பயத்தாலோ புத்திக் குறைவாலோ வருவதில்லை. பயம் அதை அதிகமாக்கும், அவ்வளவுதான். பெரியவர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு இருக்கு. இந்த வயசில் அது முழுசா மறையும் என்று அவனுக்கு வாக்குக் கொடுக்காதீங்க. திக்கினாலும் கேட்பவருக்குப் புரியும்படி வாசிப்பதுதான் இலக்கு. நாக்கில் வசம்பு தடவுறது, வாயில் கூழாங்கல் போட்டுப் பேசுறது, நாக்குக்கு அடியில் இருக்கும் தசையை வெட்டுறது, எதுவும் திக்குவாய்க்கு மருந்து இல்லை.

சாதாரணப் பேச்சில் திக்குபவர் கஷ்டமான சொல் வந்தால் வேற சொல்லுக்குத் தாவிடுவார். இறைவார்த்தையில் அது முடியாது. வாசிப்பது சிலருக்குப் பேசுவதைவிடக் கஷ்டமா இருப்பது இதனாலதான்.

உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் மூச்சை வெளியே விட்டு, அந்த மூச்சு மேலேயே குரலை ஏத்தணும். க, த, ப வந்தால் உதட்டையோ நாக்கையோ அழுத்தாமல் பட்டும் படாமலும் தொட்டு, முதல் அசையை அரை நொடி இழுக்கணும். "திருத்தூதர்" என்பதில் "தி" கொஞ்சம் நீளட்டும், மைக்கில் அது வித்தியாசமாவே தெரியாது. நாலஞ்சு சொல்லுக்கு ஒருமுறை சாய்கோடு போட்டு அங்கே மூச்சு எடுக்கணும். ஒன்றரை நிமிஷ வாசகம் ரெண்டரை நிமிஷம் ஆகட்டும்.

மாட்டிக்கிட்டா முக்கித் தள்ளக் கூடாது. நிறுத்தி, மூச்சை விட்டு, அந்தச் சொல்லிலிருந்தே மெதுவாத் தொடரணும். வாக்கியத்தின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போனால் அதே சொல் மறுபடியும் எதிரே வந்து நிற்கும், இந்த முறை பயமும் சேர்ந்து.

ஒரே பகுதியைத் திரும்ப வாசிக்க வாசிக்கத் திக்கல் குறையும். அந்தக் குறைவில் பெரும்பகுதி முதல் அஞ்சு வாசிப்புக்குள்ளேயே வந்துடும். ஆனால் அது மறுநாள் வரைக்கும் அப்படியே நிக்காது. அதனால் சனிக்கிழமை நல்லா வந்துச்சேன்னு விட்டுடாம, ஞாயிறு காலையில் கோயிலுக்கு வந்து சத்தமா அஞ்சு முறை வாசிக்கணும். முதல் ரெண்டு முறை நீங்களும் கூடவே வாசிங்க. சேர்ந்து வாசிக்கும்போது திக்கல் பெரும்பாலும் வராது, வாய்க்கு ஓட்டம் பிடிபடும். கடைசி மூணு முறை அவன் மட்டும். சேலம் அரசு மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டு, முறையான பேச்சுப் பயிற்சியும் கூடவே தொடங்கிடுங்க.

பின்பெஞ்சு:

எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். வாசகம் என்பது ஒருவரின் தன்னம்பிக்கைப் பயிற்சிக்கான மேடை இல்லை. வாரம் முழுவதும் உழைத்துவிட்டு, மலைப்பாதையில் நடந்து வரும் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வாரம் அவருக்குக் கிடைக்கும் விவிலியம் காதால் கேட்பது மட்டும்தான். அது புரியாமல் போனால் யார் பொறுப்பு? பேரவையில் எதிர்ப்பவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணத்தில் பேசுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வாசகமேடை:

நியாயமான கேள்வி, இதைத்தான் அளவுகோலாக வைக்கணும். ஆனால் அந்த அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கணும்.

சோதனை எளிது. கோயிலில் கடைசி வரிசையில் மூன்று பேரை உட்கார வையுங்கள், கையில் நூல் கூடாது, ஒருவராவது அந்தப் பாட்டியைப் போல வாசிக்கத் தெரியாதவராக இருக்கட்டும். வாசகம் முடிந்ததும், யார் பேசினார், யாரிடம் பேசினார், என்ன சொன்னார் என்று கேளுங்கள். மூன்று பேரில் இரண்டு பேர் சரியாகச் சொன்னால் வாசகம் போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது வாசித்துக்கொண்டிருக்கும் எல்லாரும், பேரவை உறுப்பினர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து, இதே சோதனைக்கு வரட்டும். தடங்கலே இல்லாமல் ஐம்பது நொடியில் ஓட்டிவிட்டு இறங்குபவர்கள்தான் இதில் அதிகம் விழுவார்கள். திக்குபவர் மெதுவாகப் போவதால் காதுக்கு நேரம் கிடைக்கிறது.

பேரவையில் "வாய்ப்புக் கொடுங்கள்" என்று கெஞ்சாதீர்கள். "எல்லா வாசகர்களுக்கும் ஒரே சோதனை, ஜெயிப்பவர் பட்டியலில்" என்று தீர்மானம் வையுங்கள். அவன் தோற்றால் இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வரட்டும், மற்றவர்களும் அப்படியே.

எதிர்ப்பைவிட எனக்கு அதிகம் பயம் இரக்கத்தைப் பார்த்துத்தான். "இந்தத் தம்பிக்குப் பேச்சு சரியா வராது, இருந்தாலும் இன்னைக்கு" என்று முன்னுரை வாசிப்பவர் அறிமுகம் செய்வது, பக்கத்தில் ஒருவர் புத்தகத்தில் கை வைத்துத் தயாராக நிற்பது, மாட்டும் சொல்லை முன்வரிசையிலிருந்து எடுத்துக் கொடுப்பது, முடிந்ததும் கைதட்டுவது. இவை எல்லாம் "உன்னிடம் நாங்கள் எதிர்பார்த்தது இவ்வளவுதான்" என்று சொல்வதுதான். உபதேசியாரிடமும் பீடச் சிறுவர்களிடமும் முன்பே பேசி வையுங்கள். மற்றவர்கள் வாசித்து முடித்ததும் என்ன நடக்குமோ, அதே "இறைவா உமக்கு நன்றி", அதே சின்ன மௌனம்.

மைக்செட்டு:

ஆம்ப்ளிஃபயரில் எக்கோ குமிழைப் பாட்டுக்குத் திருப்பி வெச்சு அப்படியே விட்டுடுவாங்க. வாசகத்துக்கு அதை முழுசாக் குறைங்க. தன் குரல் தாமதமாத் திரும்பி வருவது திக்குபவர் சிலருக்கு உதவும், சிலருக்கு ஓட்டத்தையே கெடுக்கும். அதனால் கோயிலில் ஆள் இல்லாத நேரத்தில் ரெண்டு விதமாவும் போட்டு அவனையே கேளுங்க, கேட்கிற சனத்துக்கும் தெளிவா இருக்கணும்.

மைக் ஒரு சாண் தள்ளி, வாய்க்கு நேரா இல்லாம கன்னத்துப் பக்கமா இருக்கட்டும். ப வரும்போது வர்ற "டப்" சத்தமும், மாட்டும்போது மூச்சு இழுக்கும் சத்தமும் அதில் விழாது. வாசக மேடை தாழ்வா இருந்தால் புத்தகத்துக்கு அடியில் பலகை வெச்சு நெஞ்சு உயரத்துக்குக் கொண்டு வாங்க, கழுத்தைக் குனிஞ்சா மூச்சு சுருங்கும். மலையில் மின்சாரம் போவது சகஜம், மைக் இல்லாமலும் ரெண்டு முறை பழகிடுங்க.

சாரல்மேடு:

எல்லாருக்கும் நன்றி. ஒரே சோதனை என்ற தீர்மானத்தை அடுத்த பேரவைக் கூட்டத்தில் வைக்கிறேன். அன்பிய வாசிப்பை இந்த வாரமே தொடங்குகிறோம். இரண்டு சந்தேகம். அம்மாவிடம் எப்படிப் பேசுவது? முதல் வாசகம் என்று வரும்போது எந்த ஞாயிற்றைக் குறிவைக்கலாம்?

நாவும்மூச்சும்:

அம்மாவிடம் "உங்க பையன் நல்லா வாசிப்பான்"னு வாதாட வேண்டாங்க. ஒரு அன்பியக் கூட்டம் அவங்க வீட்டிலேயே நடக்கட்டும். அவன் மாட்டும்போது நீங்க எல்லாரும் பதறாம காத்திருப்பதை அவங்க கண்ணால் பார்க்கணும். பிள்ளை திக்குவதைவிட, பார்க்கிறவங்க முகம் மாறுவதுதான் பெத்தவங்களைச் சுடும். பேசும்போது ஒருத்தருக்காகச் சொல்லை முடிச்சு வைப்பதும், "மெதுவா, மூச்சு எடு"ன்னு நடுவில் சொல்வதும் வீட்டிலும் நிக்கணும்.

கூடவே நோட்கர் பற்றியும் சொல்லிப் பாருங்க. சுவிட்சர்லாந்தில் சாங்க்ட் காலென் மடத்துத் துறவி, 912-இல் இறந்தவர், திருச்சபை அருளாளராக வணங்குபவர். "திக்குவாயர்" என்பதே அவருடைய பட்டப்பெயர். வழிபாட்டுப் பாடல்கள் இயற்றியவர், மடத்துப் பள்ளியில் ஆசிரியர். ஆரோன் யாரும் அவருக்குப் பக்கத்தில் நிக்கலை.

வாசகமேடை:

பெந்தக்கோஸ்து ஞாயிற்றை மட்டும் முதலில் கொடுத்துவிடாதீர்கள். பார்த்தர், கப்பதோக்கியா, போந்து, பிரிகியா, பம்பிலியா என்று வரிசையாக வருவது நன்றாக வாசிப்பவரையே இடறி விழ வைக்கும்.

என் யோசனை குருத்து ஞாயிறு, எசாயா 50:4-7. மூன்று ஆண்டுச் சுழற்சியிலும் அதே வாசகம்தான், நாலே வசனம். தொடக்க அறிவிப்பு "இறைவாக்கினர்" என்று உயிரில் தொடங்கும், வாசகம் "நலிந்தோனை" என்று மெல்லினத்தில் தொடங்கும். ஆக மேடையேறியதும் முதல் இரண்டு வரி அவனுக்கு எளிது. அதற்குப் பிறகு நான்காம் வசனத்திலேயே "கற்றோனின்", "காலைதோறும்", "கற்போர்" என்று ககரச் சொற்கள் வரும். ஆறாம் வசனத்தில் "தாடியைப் பிடுங்குவோர்க்கு" என்று தகரமும் பகரமும் அடுத்தடுத்து. அந்த இடங்களுக்கு முன்னால் சாய்கோடு போட்டு, அவற்றை மட்டும் தனியாகப் பழகட்டும்.

அன்று கூட்டம் அதிகம் இருக்கும். அதனால் அதற்கு முன்னால் குறைந்தது இரண்டு ஞாயிறு இரண்டாம் வாசகம் வாசித்திருக்கணும். அன்று உங்கள் கிளைப்பங்கில் பூசையா, வழிபாடா என்பதையும் சாமியாரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். பூசை பங்குக் கோயிலில் மட்டும் என்றால் குருத்துப் பவனி முடிந்து அங்கே போய்ச் சேரும்போது ஐந்து முறை வாசிக்க நேரம் இருக்காது. பவனிக்கு முன்பே சக்கிரிஸ்தியில் (பூசைக்கு உடை மாற்றும் அறை) அதை முடித்துவிடட்டும்.