காட்பாடியில் ஆடிப்பட்டத்துக்கு நாட்டு விதை: எல்லாத்தையும் ஒரே நாள்ல விதைக்கலாமா?

காட்பாடி மாடி வீடு:
வீட்டுக்குப் பின்னால 10க்கு 15 அடி இடம், செம்மண். மதியம் 3 மணி வரைக்கும் நல்ல வெயில். இலவம்பாடி முள்ளுக் கத்தரி, நாட்டு வெண்டை, பீர்க்கன், கொடி அவரை விதை கைவசம் இருக்கு. காய்கறி வைக்கிறது இதுதான் முதல் தடவை. போர் தண்ணி லேசா உப்பு. அடுத்த வருஷத்துக்கு விதையும் எடுக்கணும். எப்படி ஆரம்பிக்கிறது?

அணைக்கட்டு பட்டறை:
ஒரே நாள்ல வேணாங்க. முதல்ல ஒவ்வொண்ணுலயும் 10 விதையை ஈரத்துணியில முடிஞ்சு வைங்க. வெண்டை ஒரு வாரத்துக்குள்ள தெரிஞ்சிடும், கத்தரிக்கு 10 நாள் கொடுங்க. ஏழுக்குக் கீழே முளைச்சா குழிக்குக் கூடுதலா ஒரு விதை போடுங்க.

கத்தரியை நேரா மண்ணுல போடாதீங்க, குழித்தட்டுல நாத்து விடணும். தென்னை நார்க் கழிவும் மண்புழு உரமும் சரிபாதி. நார்க் கழிவை மூணு நாலு தடவை நல்ல தண்ணியில அலசிப் பிழியுங்க, அதுலயே உப்பு இருக்கும். விதை அரை செ.மீ. ஆழம் போதும். நாத்து திடீர்னு சாயுதா? தண்டை மண் மட்டத்துல பாருங்க. நூல் மாதிரி இளைச்சிருந்தா நாற்றழுகல். காரணம் பெரும்பாலும் அதிகத் தண்ணியும் நெருக்கமும்தான். மேல் பரப்பு காய ஆரம்பிச்ச பிறகு பூவாளியில ஊத்தினா போதும். 30, 35 நாள்ல எடுத்து 2 அடி இடைவெளியில நடுங்க.

அதுக்குள்ள நிலத்தைக் கொத்தி, 35 கிலோ நல்லா மக்கின தொழு உரமும் 2 கிலோ வேப்பம் புண்ணாக்கும் கலந்து வைங்க. பச்சைச் சாணம் போட்டா கரையானும் வேர்ப்புழுவும் வரும்.

குடியாத்தம் கொல்லை:
உப்புத் தண்ணியை லேசா எடுத்துக்காதீங்க. நாத்துக்கு மழைத் தண்ணியோ குடிநீரோதான். நிலத்துல பார் (நீளமா மேடு கட்டுறது) போட்டா, உச்சியில நடாம பாரோட பக்கவாட்டுல நடுங்க. தண்ணி ஏறி ஆவியாகும்போது உப்பு உச்சியிலதான் படியும். தினம் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துறதை விட இடைவெளி விட்டு ஆழமா பாய்ச்சுறது நல்லது. காய்ஞ்ச சருகு மூடாக்கு கட்டாயம். இருக்கிறதுல அவரைதான் உப்புக்கு முதல்ல வாடும், இலை ஓரம் கருகும்.

கொடி அவரையை ஆடியில போட்டுட்டு புரட்டாசியில "பூவே இல்லை"ன்னு பிடுங்கிடாதீங்க. பகல் பொழுது குறைஞ்சாதான் அது பூக்கும். அதுவரைக்கும் பந்தல் மட்டும் கட்டிக் கொடுங்க.

வெண்டையை ஒரு ராத்திரி ஊறவச்சு, ஒரு அடிக்கு ரெண்டு விதை ஊனலாம். பீர்க்கனுக்கு ஒண்ணரை அடிக் குழி, நாலு விதை, முளைச்சதும் நல்ல ரெண்டை மட்டும் வச்சுட்டு மத்ததை எடுத்துடுங்க.

காட்பாடி மாடி வீடு:
நன்றிண்ணா. பூச்சிக்கு என்ன பண்றது? விதைக்கு எந்தச் செடியை விடணும்?

அணைக்கட்டு பட்டறை:
கத்தரிக் குருத்து தொங்கினா உள்ளே புழு இருக்கு. வாடின இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே கிள்ளி எரிச்சிடுங்க, குப்பையில போட்டா திரும்ப வரும். வேப்ப எண்ணெய் லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், சாயங்காலத்துல. எண்ணெய் சோப்பு இல்லாம கரையாது. வெண்டை இலை நரம்பு மஞ்சளானா அந்தச் செடிக்கு மருந்தே கிடையாது, பிடுங்குங்க. வெள்ளை ஈ பரப்புற நோய் அது.

விதைக்கு நோயில்லாத, நடுவுல இருக்கிற நல்ல செடியா பார்த்து அடையாளத்துக்கு நூல் கட்டுங்க. கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகி மெத்துன்னு ஆகட்டும். தண்ணியில பிசைஞ்சு, அடியில தங்கின விதையை மட்டும் நிழல்ல காயவைங்க. பக்கத்து வீட்டுல வேற கத்தரி இருந்தா, பூக்கிறதுக்கு முன்னாடியே மொட்டுக்கு மெல்லிசு துணிப்பை மாட்டி, காய் பிடிச்சதும் எடுங்க. தேனீ மகரந்தத்தைக் கொண்டு வந்துட்டா முள்ளுக் கத்தரி குணம் அடுத்த தடவையே மாறும். பீர்க்கன் பூ சாயங்காலம்தான் விரியும். அதுக்குள்ள ஆண், பெண் ரெண்டு மொட்டையும் நூலால கட்டி வச்சு, விரியுற நேரத்துல அவிழ்த்து கையாலயே தொட்டு வைங்க, பிறகு பெண் பூவைத் திரும்பக் கட்டிடுங்க.