மறு: வாக்கி-டாக்கிக் கலைச்சொற்கள்: ‘செக்யூர்’, ‘கிளியர்’, ‘டாக்குரூப்’

நண்பர்களே, வணக்கம்.

வாக்கி-டாக்கியில் வரும் ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகள் பலவற்றோடு எனக்கு உடன்பாடுதான். ‘இருவழி வானொலி’யை மட்டும் விட்டுவிடலாம். வானொலி என்றாலே நம்மவர்களுக்குச் செய்தியும் பாட்டும்தான் நினைவுக்கு வரும். காவல்துறையில் ‘மைக்’ என்றும் மற்ற இடங்களில் ‘வாக்கி-டாக்கி’ என்றும் புழங்குகிற கருவிக்குப் புதுப்பெயர் எதற்கு?

அழைப்பு வகைகளில் சிக்கல் இல்லை: தனி அழைப்பு, குழு அழைப்பு, பொது அழைப்பு, அவசர அழைப்பு. ஒன்றாகப் பேசிக் கேட்கும் கருவிகளின் குழுவான ‘டாக்குரூப்’ என்பதற்கு ‘அணி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கிறது. ஆனால் சிறப்புக் காவல் படையின் பட்டாலியனை ஏற்கெனவே அணி என்றுதான் சொல்கிறார்கள். ‘அலைவரிசை’ அறவே பொருந்தாது. பல குழுக்கள் சில அலைவரிசைகளைப் பகிர்ந்துகொள்ளும் ட்ரங்கிங் முறையில் ஒரு குழுவுக்கென்று நிலையான அலைவரிசை கிடையாது. பொத்தானை அழுத்தும் நேரத்தில் எது காலியோ அதைக் கட்டுப்பாட்டுத் தடம் ஒதுக்கித் தரும். குழு எண்தான் மாறாமல் இருக்கும். ஆகவே ‘பேச்சுக்குழு’ என்றே வைத்துக்கொள்வோம்.

> செக்யூர் = பாதுகாப்பான, கிளியர் = பாதுகாப்பற்ற. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது, ஐயா. குரலை மறைத்து அனுப்பும் நிலைதான் செக்யூர்; மறைக்காமல் அனுப்புவது கிளியர்.

முதலில், ‘பாதுகாப்பான’ என்பது கருவி செய்யாத வேலையையும் சேர்த்துச் சொல்கிறது. ப்ராஜெக்ட் 25 என்ற டிஜிட்டல் வாக்கி-டாக்கித் தரத்தில் இயங்கும் கருவியில் ஏஇஎஸ்-256 மறையாக்கத்தை (என்கிரிப்ஷன்) இயக்கினால் குரல் மறையும். ஆனால் பேசுகிற கருவியின் எண்ணும் பேச்சுக்குழு எண்ணும் பெரும்பாலும் திறந்தபடியேதான் போகும். என்ன பேசினார்கள் என்பது தெரியாவிட்டாலும், எந்தக் கருவி, எந்தக் குழுவில், எத்தனை முறை பேசியது என்பதை வெளியாள் எழுதி வைத்துக்கொள்ள முடியும். அதைப் பாதுகாப்பு என்று எழுதிவிட்டால் பயன்படுத்துகிறவர் நம்பிவிடுவார்.

இரண்டாவது, ‘பாதுகாப்பான’, ‘பாதுகாப்பற்ற’ இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன. சின்னத் திரையில் சொல் பாதியில் வெட்டுப்பட்டால் இரண்டும் ‘பாதுகாப்’ என்றே நிற்கும். நிலையைத் தவறாகப் புரிந்துகொள்வது வெறும் கற்பனைக் கவலை அல்ல. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்ட அமலாக்கத் துறையினரின் ப்ராஜெக்ட் 25 பேச்சுகளைக் கேட்டுப் பார்த்த பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். மறைக்கப்பட்டிருக்க வேண்டிய பேச்சு, மாநகர் ஒன்றுக்கு ஒரு நாளில் சராசரியாக 20 நிமிடங்களுக்கு மேல், திறந்தபடி போய்க்கொண்டிருந்தது. காரணங்களில் ஒன்று, குமிழைச் சுற்றி இருக்கும் சின்ன வளைய சுவிட்ச். அதன் ஒரு பக்கம் வெறும் வட்டம், மறுபக்கம் குறுக்குக்கோடு போட்ட வட்டம். கோடு போட்டதுதான் மறையாக்கம்! கோடு போட்ட வட்டத்தைப் பார்த்தால் யாருக்கும் ‘கூடாது’ என்றுதானே தோன்றும்?

இதைவிட மோசமான காரணம் கேட்கும் பக்கத்தில் இருக்கிறது. சாவி (மறைத்த பேச்சைத் திறக்கும் ரகசிய எண்) உள்ள கருவி, மறைத்து வந்த பேச்சையும் திறந்து வந்த பேச்சையும் ஒன்றுபோலவே ஒலிக்கும். பத்துப் பேர் மறைத்துப் பேசும்போது பதினோராமவர் திறந்து பேசினால், மற்ற பத்துப் பேருக்கும் வேறுபாடு தெரியாது. எச்சரித்துத் திருத்தவும் ஆள் இருக்காது.

அதனால் என் பரிந்துரை: மறை / வெளி. ‘மறை நிலை’, ‘வெளி நிலை’. முதல் எழுத்திலேயே வேறுபடுகின்றன. எவ்வளவு சிறிய திரையிலும் முழுதாக நிற்கும். சுவிட்சை எப்படித் திருப்பினாலும் வெளிக்குப் போகாதபடி நிரலாக்குவதற்கு ‘மறை மட்டும்’.

மறை என்றால் வேதம் அல்லவா என்ற மறுப்பு வரும். வாக்கி-டாக்கித் திரையில் வேதத்தைத் தேடுபவர் யாரும் இல்லை. கைப்பேசிச் செயலிகளில் ‘மறை’ என்பது ஒன்றைக் கண்ணில் படாமல் ஒளிக்கும் கட்டளை என்பது இன்னும் வலுவான மறுப்பு. அதற்காகத்தான் ‘நிலை’ என்ற சொல்லைச் சேர்த்தேன். ‘பூட்டு / திறப்பு’ எனக்கும் பிடித்த இணைதான். ஆனால் விசைப்பலகையைப் பூட்டும் வசதி இதே கருவியில் உண்டு. அவசரத்தில் அது இடறும்.

‘குறியாக்கம்’ என்ற சொல்லை இங்கே கொண்டுவராதீர்கள். குரலை டிஜிட்டலாக்கி, 20 மில்லிநொடிக்கு 88 பிட் என்று சுருக்கும் முதல் வேலைக்கு அது வேண்டும். அந்த வேலையில் ஒளிவுமறைவே இல்லை. மலிவான ஏற்பிக் கருவியும் இலவச மென்பொருளும் இருந்தால் கேட்டுவிடலாம். ‘டிஜிட்டலாயிற்றே, யாருக்குக் கேட்கும்?’ என்று நினைப்பவர்கள் ஏராளம். இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்தால் அந்த நினைப்பை நாமே ஊட்டி வளர்த்ததாகும். இரண்டாவது வேலை மறையாக்கம்.

சாவி தொடர்பானவை: சாவி எண், சாவி ஏற்றி (கருவியில் சாவியைப் பதிக்கும் சாதனம்), சாவி அழிப்பு. அலைகள் வழியே புதுச் சாவி அனுப்புவதற்கு ‘வான்வழிச் சாவி மாற்றம்’ என்று முந்தைய மடலில் இருந்தது. வான்வழி என்றால் விமானம் வந்து நிற்கிறது. ‘அலைவழிச் சாவி மாற்றம்’ சரிதானா?

குழு அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது கருவியை இயக்கியவர் நடுவிலிருந்து கேட்கத் தொடங்குவதற்குத்தான் நல்ல சொல் சிக்கவில்லை. ‘இடைச்சேர்வு’ என்று தற்காலிகமாக எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சிறந்தது யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.